ஒரே சரிவு, பன்னிரண்டு ஞாயிறு

என் கோடு கோணல் என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் ஏனோதானோ ஆள் இல்லை. நகர மண்டபத்தில் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்குப் படங்களைத் தேர்வு செய்ய வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர். தாடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் சிவப்புப் பென்சில். என் பன்னிரண்டு படங்களையும் சுவரோரமாக வரிசையாக நிறுத்தச் சொல்லி, முதலிலிருந்து கடைசி வரை நடந்தார். கடைசியிலிருந்து முதல் வரை திரும்பி நடந்தார். நிறம் அற்புதம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வார்த்தையிலேயே என்னைத் தூக்கிக் கீழே போட்டார்.

"நிறத்துல இருக்கிற கவனம் கோட்டுல இல்லையேம்மா. ஒரே இடத்தைத்தானே பன்னிரண்டு தடவை வரைஞ்சிருக்கீங்க? முதல் படத்துல கம்பம் நேரா நிக்குது. கடைசிப் படத்துல சாஞ்சு நிக்குது. மரம் ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு இடத்துல இருக்கு. குன்று நடந்து போகாதும்மா."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் படங்களின் பின்புறம் ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பன்னிரண்டு பெருக்கல் குறி. எனக்கு வந்ததே கோபம், காது மடல் வரைக்கும் சுட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மண்டபத்தில் இருந்த மற்ற ஓவியர்களும் சேர்ந்து வெளியே போக வேண்டி வந்திருக்கும்.

அவருக்கு என்னைத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் படச்சட்டம் போடும் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறவள். கண்ணாடி வெட்டுவது, சட்டம் அறுப்பது, நாலு மூலையையும் தொண்ணூறு பாகையில் சேர்ப்பது. ஒரு மூலை மயிரிழை விலகினாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. என்னைப் பார்த்து நிறம் சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நிறத்தில் நான் கொஞ்சம் அப்படி இப்படித்தான். ஆனால் கோடு?

ஞாயிற்றுக்கிழமை தோறும் கடை மூடியிருக்கும். கடைக் கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் நான் வரைவேன். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒன்பது வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும். வீடுகளின் முதுகில் ஒட்டினாற்போல் குன்றின் சரிவு ஏறும். சரிவில் ஐந்து மின்கம்பங்கள், ஒரு வேலி, பெரிய மரங்கள் மூன்று, புதர்கள். உச்சியில் ஒரு கோபுரம், இடது பக்கம் மொட்டைப் பாறை. பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லாத இடம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். புல்லின் ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் கிட்டத்தட்ட ஊதா. மழை பெய்த மறுநாள் வேலிக்குக் கீழே மண் ஈரமாகி ஒரு பழுப்பு வரும். அதைப் பிடிக்க நான் ஆறு வாரம் அலைந்திருக்கிறேன்.

என் வேலைமுறை ரொம்பக் கறாரானது. நானே செய்த ஒரு மரச்சட்டம், அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு நூல் கட்டியிருக்கும். அதை மாடிக் கைப்பிடிச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன். சுவரில் துளை போட்டதற்கு முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சட்டத்துக்கு முன்னால், தாடையை வைத்துக்கொள்ள ஒரு கட்டை. தாடையைக் கட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல்களின் வழியாகப் பார்த்தால், கண் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்தான் இருக்கும். எந்தக் கட்டத்தில் எது தெரிகிறதோ அதைத் தாளில் அதே கட்டத்தில் வைப்பேன். பழைய படத்தைப் பார்த்து வரையவே மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் புதுத் தாள், புதுக் கண்.

அன்றைக்குப் புதன்கிழமை. படங்களைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அன்று அவருக்கு ஓய்வு நாள். நான் வந்த வேகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். அரை மணி நேரம் தாடிக்காரரின் பரம்பரையைப் பற்றி நான் பேசினேன்.  கடைசியில் அவர், "தப்பு உன் பேர்ல இல்லைன்னா நிரூபிச்சுட்டுப் போயேன்" என்றார்.

சரி, நிரூபிக்கிறேன் என்று நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டு படங்களையும் தரையில் பரப்பினேன். கடையிலிருந்து எடுத்து வந்த இரும்பு அளவுகோலோடு மண்டி போட்டேன். முதலில் கோபுரம். பன்னிரண்டு படத்திலும் மேலிருந்து இரண்டாம் கட்டத்தின் வலது ஓரம். ஒரு மயிரிழை பிசகவில்லை. மொட்டைப் பாறையும் பன்னிரண்டிலும் அதே இடம். ஒன்பது வீட்டுக் கூரைகளும் அப்படியே. சட்டமும் அசையவில்லை, என் கண்ணும் அசையவில்லை. பிறகு கம்பங்களுக்கு வந்தேன்.

முதல் நாலு ஞாயிற்றில் கம்பங்கள் நூலைத் தொட்டுக்கொண்டு நேராக நின்றன. ஐந்தாவது ஞாயிற்றுக்கு முன்னால் நல்ல மழை. ஐந்தாவது படத்தில் இரண்டாவது கம்பம் நூலை விட்டு அரிசி மணி அளவு இறங்கியிருந்தது. ஆறில் இன்னும் கொஞ்சம். எட்டில் வேலியும் கூடச் சேர்ந்து இறங்கியது. பன்னிரண்டில் அரை விரல். மரங்களும் அப்படித்தான். கை நடுங்கி வரைந்திருந்தால் ஒன்று மேலே போயிருக்கும், ஒன்று கீழே போயிருக்கும், ஒன்று பக்கத்தில் போயிருக்கும். இங்கே எல்லாமே கீழேதான் போயிருந்தன, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக, சொல்லிவைத்தாற்போல. நடு மண்டையில் அடித்த மாதிரி எனக்கு விளங்கியது. என் கோடு கோணல் இல்லை. கம்பம்தான் கோணல்.

நான் துள்ளிக் குதித்தேன். நாற்பத்தேழு வயதில், முட்டி வலியோடு, உண்மையாகவே குதித்தேன். அளவுகோலை ஆட்டிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மயிரிழை மயிரிழையாகப் பிடித்திருக்கிறேன், பன்னிரண்டு வாரம், எனக்கே தெரியாமல். அந்தத் தாடிக்காரரை இப்போதே கூட்டி வந்து தாடையைக் கட்டையில் வைத்து அழுத்த வேண்டும் என்று கத்தினேன். என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன். அவரும் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர், தூரம் கணிக்கத் தெரிந்தவர். நிமிரும்போது அவர் முகம் மாறியிருந்தது.

"அப்போ அந்தச் சரிவு முழுசும் கீழ வந்துட்டு இருக்கு" என்றார். "அதுக்குக் கீழதானே அக்கா வீடு?"

 ஒன்பது வீட்டில் நாலாவது வீடு என் அக்காவுடையது. அரை மணி நேரமாக நான் ஆடிய ஆட்டம் என்ன, என் அக்காவின் தலைக்கு மேல் ஒரு குன்று வந்துகொண்டிருப்பதற்கு நான் போட்ட குதியாட்டம். படங்களை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்கு அம்மாவும் அவள்தான், மாமியாரும் அவள்தான். பள்ளிச் சீருடை தைக்கிறவள். நான் போன நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெட்டிய நீலத் துணி. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, நாற்பது சீருடை பாக்கி, சீக்கிரம் சொல்லிவிட்டுப் போ என்றாள். நான் படங்களைத் துணிமேலேயே பரப்பி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவள் ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என் வீட்டுக் கூரை பச்சை. நீ சிவப்பு போட்டிருக்கே."

பச்சைப் புல்லுக்குக் கீழே பச்சைக் கூரை எடுபடாது என்று விளக்க வேண்டியிருந்தது. நிறத்தில் பொய் சொல்லுவேன் அக்கா, கோட்டில் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சின்ன வயதில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு ஊர் பற்றி எரிகிறது என்று தெருவையே கூட்டியவள் நீ, எதையும் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லுவாய் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அத்தான் மில் வாசலில் காவல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கதவு ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. இரண்டு தடவை தச்சரை வைத்து இழைத்தாயிற்று, மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று தோளால் இடித்துத் திறந்தார். நான் பையில் எப்போதும் கிடக்கும், சட்டத்தின் மூலை சரிபார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து நிலையின் மேல் மூலையில் வைத்தேன். மட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே என் சுண்டுவிரல் போனது. மரம் ஊதினால் நிலை கோணாது, வீட்டை யாரோ பின்னாலிருந்து தள்ளினால்தான் கோணும். அதைக் காட்டினேன். அத்தான் அக்காவைப் பார்த்தார். அவருக்குத் தானாகப் பயப்படும் வழக்கம் இல்லை, அக்கா பயப்பட்டால் பயப்படுவார்.

"பழைய வீடுடி. வயசாகி உனக்கும் எனக்கும்கூடத்தான் மூலை கோணிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளருக்கு முப்பது வயது இருக்கும். மேசை நிறையக் கோப்பு. அதன்மேல் என் பன்னிரண்டு படங்களையும் வைத்தேன். நல்ல பிள்ளைதான், உட்காரச் சொன்னார். ஆனால் இவை ஓவியங்கள், தனக்கு வேண்டியது அளவு, மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த மாதம் அளவெடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். இதுதான் தம்பி அளவு என்றேன். அவர் பணிவாகச் சிரித்தார். அந்தப் பணிவுக்கு நான் மசியவில்லை. நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்துகொண்டேன். மதியம் சாப்பிடப் போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு மணிக்கு அவர் எழுந்து, பத்து நிமிஷம் மட்டும் வருகிறேன் என்றார்.

மாடியில் அவர் தாடையைக் கட்டையில் வைக்க வைத்தேன். உயரமான ஆள், முழங்காலை மடக்கி ஒரு மாதிரியாக நிற்க வேண்டியிருந்தது. ஒரு கண்ணை மூடச் சொன்னேன். கோபுரம் எந்தக் கட்டத்தில் தெரிகிறது என்று கேட்டேன். சொன்னார். முதல் படத்தை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். சரியாக இருந்தது. பாறை? சரி. கூரைகள்? சரி. இரண்டாவது கம்பம் எங்கே என்று கேட்டேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதல் படத்தைப் பார்த்தார், கடைசிப் படத்தைப் பார்த்தார், மறுபடியும் நூல்களின் வழியாகப் பார்த்தார். போன ஞாயிறு நான் வரைந்த இடத்திலிருந்தும் கம்பம் இன்னும் ஒரு அரிசி மணி இறங்கியிருந்தது. நாலே நாளில். 

சாப்பாட்டை மறந்து அவர் நேராகக் குன்றுக்குப் போனார். நான் மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் மரத்துக்குப் பின்னால் புதரை விலக்கினார். திடீரென்று அவர் உயரம் குறைந்தது. புதருக்குள் ஒளிந்திருந்த வெடிப்பில் கால் முழங்கால் வரை போயிருக்கிறது. சரிவின் அகலத்துக்கும் அந்த வெடிப்பு ஓடியதாம். காற்சட்டை முழுக்க மண்ணோடு, காதில் போனோடு அவர் இறங்கி வந்தார். அன்று மாலைக்குள் ஒன்பது வீட்டையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் போய்ப் படுத்தார்கள். தெருமுனையில் கயிறு கட்டி ஒரு காவல்காரரையும் போட்டார்கள். அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டாள். வெட்டிய துணி முழுக்க வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அப்புறம்தான் வந்தது வேடிக்கை. வெள்ளிக்கிழமை பளிச்சென்று வெயில். சனிக்கிழமையும் வெயில். கம்பம் நின்ற இடத்தை விட்டு இம்மி அசையவில்லை. நான் காலையும் மாலையும் மாடிக்கு ஏறித் தாடையை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தாடையில் தழும்பே விழுந்துவிட்டது. மண்டபத்துக்குப் போனால் ஆளாளுக்கு விசாரித்தார்கள், ஓவியக்காரம்மா, இன்றைக்குக் குன்று எத்தனை அடி நடந்தது என்று. திங்கட்கிழமை பள்ளி திறந்தாக வேண்டும், மண்டபத்தை ஞாயிறு சாயங்காலம் காலி செய்தாக வேண்டும். அதுவரை ஒன்றும் நடக்காவிட்டால் வீட்டுக்கே போய்விடுவது என்று ஒன்பது குடும்பமும் பேசி முடித்துவிட்டன. பொறியாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் நூல்களின் வழியாகப் பார்க்கும்போது, இறங்கு, இறங்கு என்று என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. நகராமல் இருந்தால் நல்லதுதானே என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.  எனக்கு அக்கா வீடு நிற்க வேண்டும் என்றும் இருந்தது, என் கோடு நிற்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு நொடி யோசித்திருப்பேன். அந்த ஒரு நொடிதான் என்னை அரித்தது.

ஞாயிறு காலை வழக்கம்போல் ஏழு மணிக்கு மாடியில் இருந்தேன். பதின்மூன்றாவது தாள். கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் வெயில் விழுந்ததும் கை தானாகப் பரபரத்தது. அப்படி ஒரு காலை. புல் முழுக்கப் பனி, ஒவ்வொரு முனையிலும் வெளிச்சம். கோபுரத்தை வைத்தேன், பாறையை வைத்தேன், கூரைகளை வைத்தேன். இரண்டாவது கம்பத்தைக் குறித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நான் குறித்த இடத்தில் கம்பம் இல்லை.

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, கண் மங்கிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். டப்பாவின் அடியில் கிடந்த ரப்பரைத் தேடி எடுத்து அழித்தேன். மறுபடி குறித்தேன். நிமிர்ந்தேன். மறுபடியும் கோடு வேறு இடத்தில், கம்பம் வேறு இடத்தில். அழித்தேன், குறித்தேன், அழித்தேன். நாலாவது தடவை பென்சிலைத் தாளில் வைக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறுமனே பார்த்தேன். காற்றே இல்லை. கம்பம் மெதுவாக, கடிகார முள் நகர்கிற மாதிரி, ஏழாவது நூலைத் தாண்டியது. மூன்று மரங்களிலிருந்தும் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பின.

அடுத்த நொடி என் கண் கீழே போனது. பச்சைக் கூரைக்கு அடியில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நீலத் துணி ஒன்று அசைந்தது. தெருமுனையில் கயிறு மட்டும் இருந்தது, காவல்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். வெட்டி வைத்த துணியை எடுக்க அக்கா உள்ளே போயிருக்கிறாள்.

 போனை எடுத்தேன், நழுவி விழுந்தது, பொறுக்கி அழுத்தினேன். என்னோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்தவள், எடுப்பாளா? ஆறாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாள்.

"என்னடி."

"அக்கா, வெளிய வா."

"காலர் துணி மட்டும் எடுக்கணும். ரெண்டு நிமிஷம். உன் குன்று அதுவரைக்கும் நிக்கும்."

"அக்கா, கம்பம் நிக்க மாட்டேங்குது. வரைய முடியல. மூணு தடவை அழிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருந்தது. நான் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே தள்ளி அக்கா, அக்கா என்று கத்தினேன். கதவு திறந்தது. இடுப்பில் துணி மூட்டையோடு வெளியே வந்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவள் திரும்பினாள். கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, மூட்டையைக் கீழே வைத்தாள்.

பூட்டுகிறாள். என் அக்கா கதவைப் பூட்டுகிறாள். நிலை கோணியிருந்ததால் கதவு சேரவில்லை. காலால் உதைத்து, தோளால் இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியைத் திருப்பினாள். பிறகு பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அவள் தலைக்கு மேல் வேலி மடங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் அன்றைக்கு அந்த மாடியில் தீர்ந்துபோனது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவைக் கடந்தாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். எங்கள் கடை வரிசையில் இருந்த பேக்கரிப் பக்கம் அவள் மறைந்ததும் சரிவு இறங்கியது.

முதலில் சத்தமே இல்லை. மரங்கள் நின்றபடியே நடந்து வந்தன. கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன, கம்பிகள் அறுந்தன. பிறகுதான் அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு உறுமல். பச்சைக் கூரை பாத்திரத்தின் மூடி மாதிரி மேலே எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காணாமல் போனது. நாலு, ஐந்து, ஆறாவது வீடுகள் முழுசாகப் போயின, மற்றவை பாதி. தூசி என் மாடி வரைக்கும் வந்து, இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துப் பார்த்தால், புல் இருந்த இடத்தில் ஒரு நிறம். ஈரச் சிவப்பு. உள்ளே ஆரஞ்சு, நடுவே சாம்பல் நீலத்தில் ஒரு ரேகை. என் பெட்டியில் இல்லாத நிறம், என் வாழ்நாளில் பார்க்காத நிறம். என் வலது கை தூரிகையை எடுத்தேவிட்டது. பிறகுதான் கால் படிக்கட்டைத் தேடியது. எந்தப் படியில் மிதித்தேன், எந்தப் படியைத் தாண்டினேன் என்று தெரியாது.

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் இருக்கிறார்களா என்று மண்டபத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது குடும்பமும் இருந்தது. அக்கா பேக்கரிப் படியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கத் தூசி, மடியில் துணி மூட்டை, கையில் சாவி. நான் போய்ப் பக்கத்தில் விழுந்தேன். சாவியைப் பார்த்தேன்.

"என்னடி பாக்கிறே? திறந்து போட்டுட்டு வர முடியுமா?" என்றாள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தோம், பார்த்தவர்கள் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அது விழ வேண்டும் என்று நினைத்தேன் அக்கா, நான் வரைந்தது சரியென்று ஆக வேண்டும் என்பதற்காக, உன் வீட்டை நான்தான் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது என்றேன்.

 தானும் இரண்டு நாளாக ஒன்று நினைத்ததாக அவள் சொன்னாள். ஊர் முன்னால் என் மூக்கு உடைய வேண்டும், என் படம் எல்லாம் தப்பு என்று ஆக வேண்டும், அவளுடைய வீடு நிற்க வேண்டும் என்று. இதை நம் இருவரோடு வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னாள். நான்தான் இப்போது உங்களிடம் உளறிவிட்டேன்.

"அப்புறம் ஏன் நான் சொன்னதும் வெளிய வந்தே?" என்று கேட்டேன். "அளவைக் காட்டினேன், நம்பல. மூலைமட்டத்தை வெச்சுக் காட்டினேன், நம்பல."

"மூணு தடவை அழிச்சேன்னு சொன்னியே." அக்கா முந்தானையால் என் முகத்துத் தூசியைத் துடைத்தாள். "பள்ளிக்கூடத்துல உன் ரப்பரை எல்லாம் யார் எடுத்துக்கிட்டது? நான்தான். வருஷம் முழுக்க உனக்கு அது தேவைப்பட்டதே இல்ல."

நான் அவள் கையிலிருந்த சாவியை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.